இலை போட்டால்தான் சாப்பிடுவேன் என்ற மாடு

அம்புஜம் புல்லுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

நின்றுகொண்டு மட்டும்தான் இருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் மணிமுக்தா ஆற்றங்கரை முழுக்க அருகும் கோரையுமாகப் பச்சை பிடித்துக் கிடந்தது. மற்ற ஏழு மாடுகளும் குனிந்த தலை நிமிராமல் ‘சரக், சரக்’ என்று புல்லை இழுத்துத் தின்றபடி நகர்ந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டால் மனிதருக்கே பசிக்கும். அம்புஜம் மட்டும் தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கரைமேல், பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எக்கா, உங்க மாட்டுக்குக் கண்ணு தெரியுதா?” என்றாள் அஞ்சலை.

எங்கள் லைன் வீட்டு மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறவள் அஞ்சலை. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஒன்றிரண்டு குறைச்சலாகக்கூட இருக்கலாம். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது.

“தெரியுமே. ஏன் கேக்குற?”

“பின்ன, காலுக்குக் கீழ இருக்கறத பாக்காம ஆகாசத்தப் பாத்துக்கினு நிக்குது! கொஞ்சம் குனிஞ்சி பாரும்மான்னு யாராச்சும் சொல்லுங்களேன்.”

நான் நிஜமாகவே இறங்கிப் போய் அம்புஜத்தின் கழுத்தைத் தடவி, முகத்தை மெல்லக் கீழே அமுக்கினேன். குனிந்தாள். பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் புல் அசைந்தது. மறுபடியும் நிமிர்ந்துகொண்டாள்.

“எல போட்டு பரிமாறுனாத்தான் சாப்புடும் போலருக்குது!” என்று அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமாவாசைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

பவுடர் டின்னுக்குப் பிறகு

போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு டைபாய்டு வந்து பால் நின்றுபோனதும், குழந்தை மல்லிகாவுக்கு டின் பால் ஒத்துக்கொள்ளாமல் நாங்கள் பட்ட பாடும் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்து ஊற்றுகிற பாலில் தண்ணீர் எவ்வளவு, பால் எவ்வளவு என்பது ஊற்றுகிறவருக்கே தெரியாது. குழந்தை கரைந்துகொண்டே வந்தாள். “வூட்லயே ஒரு மாடு கட்டிடலாம்” என்று இவர்தான் சொன்னார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். செராமிக் கம்பெனியில் மண் கலக்கும் பிரிவில் இருந்தார்.

அம்புஜம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தாள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்தியவர் வீட்டு மாடு. கன்றுக்குட்டியாய் இருந்த நாளிலிருந்து மெஸ்ஸின் பின்கட்டில், ஒரே முளையில் வளர்ந்தவள். காலையில் அரிசி களைந்த தண்ணீர், மத்தியானம் பந்தி முடிந்த இலைகள், சாயங்காலம் தவிடும் வைக்கோலும். அவளுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். மெஸ்ஸை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே பின்கட்டு கிடையாது. அதனால்தான் விற்றார்.

விற்றாரே தவிர, மனசு விடவில்லை. கன்றையும் மாட்டையும் ஓட்டி விடுகிற நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இத பாருங்கம்மா. இது வெளிய போயி மேஞ்ச மாடு கெடையாது. உங்க ஊர்ல மேய்ச்சலுக்கு வுடணும்னு சொல்றாரு உங்க வூட்டுக்காரரு. அது முடியுமான்னு எனக்குத் தெரியல. புரட்டாசி அமாவாசைக்கு மெஸ்ல கூட்டம் இருக்கும், மறுநாள் நானே பஸ் ஏறி வந்து பாக்கறேன். மேயலன்னா வாயில்லா சீவன வதைக்காதீங்க. குடுத்த பணத்த அப்படியே குடுத்துட்டு ஓட்டிக்கினு போயிடறேன். சேத்தியாத்தோப்புல என் மச்சான் கேட்டுக்கினு இருக்கான். கட்டிவச்சித் தீனி போடுவான்.”

இவர் சரி என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

அம்புஜத்தின் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மல்லிகாவுக்கு வயிற்றுப்போக்கு நின்றது. ஆறாம் நாள் குழந்தை சிரித்தாள். சங்கு வாயிலிருந்து நழுவின பிறகும் இன்னும் வேண்டும் என்று உதட்டைச் சப்புக்கொட்டினாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் பால் போய்விட்டால்?

கட்டிவைத்துப் போட முடியாதா?

முடியாது. எங்கள் ஊரில் சூளைப் புகைக்குப் பஞ்சமில்லை, வைக்கோலுக்குத்தான் பஞ்சம். வேப்பூர்ப் பக்கம் இருந்த இவருடைய அண்ணன் அனுப்பியது அரை வண்டி வைக்கோல். தை பிறந்து அறுப்பு முடிந்தால்தான் அடுத்தது. அதுவரைக்கும் ஒரு வேளைக்குப் போடலாம். மீதி வயிற்றை ஆற்றங்கரைதான் நிரப்ப வேண்டும். லைனில் இருந்த எல்லா மாடும் அப்படித்தான் பிழைத்தன.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அம்புஜத்துக்கு நாங்கள் தண்ணீர் வைத்தது கம்பெனியில் கழித்துப்போட்ட வாஷ் பேசினில். ஓரத்தில் ஒரு கீறல் இருந்ததால் விலை போகாமல் ஒதுக்கி வைத்தது. எங்கள் லைனில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். காதில்லாத கோப்பையில் உப்பு, கோணிப்போன ஜாடியில் ஊறுகாய். பக்கத்து வீட்டில் கோழிகள்கூடப் பூப்போட்ட சாசரில்தான் தண்ணீர் குடிக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால், “என்ன இது, மாட்டுக்குக்கூட பீங்கான் தொட்டி!” என்று வாய் பிளப்பார்கள். கீறல் இருக்கிற பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்போம்.

மாட்டாஸ்பத்திரிப் புத்தகம்

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அச்சில் எது வந்தாலும் நம்பிவிடுவேன். மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூட நீவி வைத்துப் படிப்பேன். மாட்டாஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்த எட்டுப் பக்கப் புத்தகத்தை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன்.

தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். முதல் நாள் அரைமணி, பிறகு ஒரு மணி என்று நேரத்தைக் கூட்ட வேண்டும். காலி வயிற்றோடு ஈரப் புல்லில் விடக் கூடாது, வயிறு ஊதிக்கொள்ளும். பழகும் வரை, மாட்டுக்குத் தெரிந்த ஆள் கூடவே இருந்தால் நல்லது.

அந்தத் தெரிந்த ஆள் நான்தான் என்று முடிவு செய்தேன். காலையில் ஒரு கட்டு வைக்கோல் போட்டு, பனி காய்ந்த பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சலைக்குப் பின்னால் நானும் நடந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டி, மேட்டில் ஏறி, ஆற்றங்கரைக்கு. கேட்டு அடைத்திருந்தால் எட்டு மாடும் நாங்களும் வரிசையாக நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

குழந்தை விஷயத்திலும் நான் இப்படித்தான். மல்லிகா எதை வாயில் வைத்தாலும் பிடுங்கிவிடுவேன். சங்கைக் கொதிக்க வைப்பேன், கிலுகிலுப்பையைக் கொதிக்க வைப்பேன். ஒரு நாள் மரப்பாச்சியையே அடுப்பில் ஏற்றினேன். இவர் எட்டிப் பார்த்து, “என்னா இன்னிக்கி மரப்பாச்சி ரசமா?” என்று கேட்டார். குழைந்த சோற்றை ஒரு பருக்கை ஊட்டினால் குழந்தை துப்பிவிடுவாள். அதற்கும் ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் சொன்னதையெல்லாம் செய்தேன். அரைமணி, ஒரு மணி, இரண்டு மணி. அம்புஜம் அரைமணியும் நின்றாள், ஒரு மணியும் நின்றாள், இரண்டு மணியும் நின்றாள். மாடு மேயவில்லை என்றால் என்ன செய்வது என்று மட்டும் அந்த எட்டுப் பக்கத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. எழுதியவருக்கு அப்படி ஒரு சந்தேகமே வந்திருக்காது.

வெள்ளை வாய்

குழாயடியில் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். “ஒரு நாளு பட்டினி போடு. தன்னால மேயும். பசிச்சா புலியே புல்லு திங்குமே!”

கூடாது என்று புத்தகம் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு நாள் செய்தேன். காலையில் வைக்கோலும் வைக்கவில்லை, தவிடும் வைக்கவில்லை. அம்புஜம் காலித் தொட்டியை நக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்துக் குழந்தைக்குச் சளி. கூடப் போகவும் முடியவில்லை.

நாலு மணி சுமாருக்கு மாடுகள் திரும்பின. அம்புஜத்தைப் பார்த்தேன். வாயைச் சுற்றி, மூக்கு வரைக்கும், வெள்ளை வெளேரென்று நுரை.

கோமாரி வந்தால் வாயில் நுரை தள்ளும் என்று ஐந்தாம் பக்கத்தில் போட்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். காவலாளி உள்ளே போய்ச் சொல்ல, இவர் முழங்கை வரைக்கும் மண்ணோடு ஓடிவந்தார்.

“என்னா, பாப்பாவுக்கு என்னா?”

“பாப்பாவுக்கு இல்லீங்க. மாட்டுக்கு வாயில நுரை. கோமாரிங்க. நான்தான் பட்டினி போட்டேன்.”

கூடவே வீட்டுக்கு வந்தார். அம்புஜத்தின் தாடையைப் பிடித்தார். அந்த வெள்ளையை விரலால் வழித்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். கம்பெனியில் லாரி மண் இறங்கும்போது பார்க்கிற அதே பார்வை.

“நுரையா இது? நல்லாப் பாரு. காஞ்சி வெடிச்சிருக்குது. எங்க கம்பெனி மண்ணு. மொதல் தரம்.”

நான் நம்பாமல் பார்த்தேன். தன் கையை அம்புஜத்தின் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே வெள்ளை.

பின்னால் வந்து நின்ற அஞ்சலை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “வர்ற வழியில கம்பெனி மதிலாண்ட மண்ணு கொட்டி வச்சிருக்காங்கல்ல, அத நக்கிக்கினு நின்னுச்சிக்கா. ஓட்டுனாலும் வரல. இத்தினி புல்லு கெடக்குது, அத வுட்டுட்டு மண்ண திங்குது. உங்க வூட்டுக்காரரு கம்பெனின்னு தெரிஞ்சிருக்குது போல!”

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வைக்கோலை அள்ளி அள்ளிப் போட்டேன். அம்புஜம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். மாடு என்ன வார்த்தை சொல்லும்! ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. அன்று சாயங்காலம் பால் பாதியாகக் குறைந்தது. மல்லிகா வெறும் சங்கைச் சப்பிவிட்டு அழுதாள்.

“பேசாம மெஸ்காரருகிட்டயே குடுத்துடலாமா?” என்று இவர் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. நான் படுகிற பாட்டைப் பார்த்துக் கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சேத்தியாத்தோப்பில் கட்டிவைத்துத் தீனி போடுவார்கள். அம்புஜத்துக்கு அது சுகம்தானே? என் குழந்தைக்குப் பால் வேண்டும் என்பதற்காக ஒரு மாட்டை வதைக்கிறேனோ? ஆமாம் என்று ஒரு மனசு சொன்னது, குழந்தையைப் பார் என்று இன்னொரு மனசு சொன்னது. “அமாவாசை வரைக்கும் பாக்கலாங்க” என்றேன். அந்தப் பதிலும் சரிதானா என்று தெரியவில்லை.

சனிக்கிழமைப் படையல்

இவர் வீட்டு வழக்கப்படி புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் போட்டு இலையில் சாப்பிடுவோம். அந்தச் சனிக்கிழமை சாப்பிட்டு முடித்து, இரண்டு இலைகளையும் மடித்துக் கொல்லைக் கோடியில் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பவில்லை, பின்னால் ‘டங்’ என்று சத்தம். அம்புஜம் கயிற்றை இழுத்த இழுப்பில் வாஷ் பேசின் உருண்டு கிடந்தது. அவ்வளவு வேகமாக அவள் எதற்கும் போய் நான் பார்த்ததில்லை.

அவிழ்த்துவிட்டேன். நேராக இலைக்குப் போனாள். கழுத்தைத் தரைவரைக்கும் இறக்கினாள். நான் அமுக்கியும் இறங்கி நிற்காத கழுத்து. இலையைத் தின்றாள். இலையோடு சேர்ந்து அடியில் முளைத்திருந்த புல்லும் நாலு இணுக்கு வாய்க்குள் போயிற்று. அதை அவள் துப்பவில்லை.

அந்த நாலு இணுக்கைப் பார்த்ததும் எனக்கு எப்போதோ நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் வகுப்புக்குக் கடலூரில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். வீட்டில் அம்மா பிசைந்து கையில் உருட்டிப் போட்டுத்தான் சாப்பிட்டுப் பழக்கம். பதிமூன்று வயசுப் பெண்ணுக்கா என்று சிரிக்காதீர்கள், நான் ஒரே பெண். ஹாஸ்டலில் அலுமினியத் தட்டு நிறையச் சோறும் குழம்பும் வைத்தார்கள். இரண்டு நாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தேன். பசி இல்லாமல் இல்லை. அது எனக்கு வைத்த சோறு என்றே தோன்றவில்லை. மூன்றாம் நாள், நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி என் தட்டை இழுத்துப் பிசைந்து, “கைய நீட்டுடி” என்று உருட்டி வைத்தாள். ஐந்தாறு நாள் அப்படி. அப்புறம் பாதித் தட்டு அவள் உருட்டினாள், மீதியை நானே சாப்பிட்டேன். அப்புறம் அவள் உருட்டவில்லை. எந்த நாளில் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அஞ்சலை கேலியாகச் சொன்னாளே, ‘எல போட்டு பரிமாறுனாத்தான் சாப்புடும்’ என்று. அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அம்புஜம் ஆறு வருஷமாக இலையில்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது.

ஆற்றங்கரைப் பந்தி

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல வைக்கோல் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வாழையில் இரண்டு இலை அறுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். ஆற்றங்கரையில் அம்புஜத்துக்கு முன்னால் தரையில் இலையை விரித்தேன். அரிவாளால் புல்லை அறுத்து இலைமேல் வைத்தேன்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“எக்கா, தண்ணி தெளிக்கலயா?”

“சும்மா இரு அஞ்சலை.”

“உப்பு வைக்காம மொதல்ல புல்ல வச்சிட்டீங்களே! சம்பந்தி வூட்டு ஆளு கோவிச்சிக்கப் போவுது!”

அம்புஜம் குனிந்தாள். இலையை மோந்தாள். இலையையும் அதன்மேல் இருந்த புல்லையும் சேர்த்து வாயில் இழுத்தாள்.

அஞ்சலை சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் இலைமேல் குவித்த புல் தீர்ந்ததும் அம்புஜம் பழையபடி நிமிர்ந்துகொண்டாள். பந்தி முடிந்துவிட்டது என்று அவளுக்கு நினைப்பு. பக்கத்தில் ஊர் கொள்ளாத புல், நான் வியர்க்க வியர்க்க அறுத்துக்கொண்டிருக்கிறேன். கையில் கொப்புளம். இப்படியே போனால் மாட்டுக்கு மேயத் தெரியாது, எனக்குப் புல்லறுக்க நன்றாகத் தெரிந்துவிடும்.

வழி கண்டுபிடித்தவள் அஞ்சலைதான். நான்காம் நாள் அவளே ஓர் இலை கொண்டுவந்தாள். காற்றில் நார் நாராகக் கிழிந்துபோன இலை.

“நல்ல எலைய போட்டா அடியில இருக்கற புல்ல மூடிடுதுக்கா. கிழிஞ்சத போட்டுப் பாருங்க. சந்து வழியா புல்லு தானே எட்டிப் பாக்கும். நீங்க அறுக்கவே வாணாம்.”

விரித்தோம். கிழிசல்களுக்கு நடுவில் அருகு நிமிர்ந்து நின்றது. யாரோ இலையில் புல்லை நட்டு வைத்ததுபோல இருந்தது. அம்புஜம் குனிந்து இழுத்தாள். இலை கொஞ்சம், புல் கொஞ்சம். புல் வேரில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. அம்புஜம் திகைத்துவிட்டாள். பரிமாறிய பண்டம் திரும்ப இழுப்பதை அவள் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள். ‘சரக்.’

நானும் அஞ்சலையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு இலை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அரை இலை, கால் இலை, உள்ளங்கை அகலத் துண்டு. துண்டைத் தின்றுவிட்டு அந்த இடத்தைச் சுற்றி நாலு வாய் மேய்வாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். இரண்டடி தள்ளி இன்னொரு துண்டைப் போடுவேன். “எக்கா, மறுசோறு கேக்குது” என்பாள் அஞ்சலை. பால் பழைய அளவுக்கு ஏறிற்று. அதற்கு மேலும் கொஞ்சம் ஏறிற்று. சாணியின் நிறம் மாறியதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். பச்சைப் புல் தின்றால் அப்படித்தான் என்று மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது.

ஆனாலும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. இலையே இல்லாமல், தானாகத் தலை குனிந்து மேய்கிறாளா என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேயவில்லை என்றால்? நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அமாவாசையும் வந்து போய்விட்டது.

புதுக் கயிறு

மறுநாள் சொன்னபடி மெஸ்காரர் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். இவர் வேலைக்குப் போயிருந்தார். அம்புஜத்தை அஞ்சலை ஏற்கெனவே ஓட்டிப் போயிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். அவர் கையில் ஒரு துணிப்பை. பையின் வாயில் புதுக் கயிற்றின் நுனி தெரிந்தது. வழியெல்லாம் என் கண் அந்தக் கயிற்றின் மேலேயே இருந்தது.

“பாப்பா தெளிஞ்சிட்டாளே” என்றார்.

“உங்க மாட்டுப் பாலுதாங்க” என்றேன்.

மேட்டில் ஏறினோம். எட்டு மாடுகள். ஓரத்தில் அம்புஜம். நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

மெஸ்காரர் “அம்புஜம்!” என்று குரல் கொடுத்தார்.

அம்புஜத்தின் காதுகள் இரண்டும் திரும்பின. ‘ம்ம்மா’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். நேராக அவரிடம் வந்தாள். அவர் கையை மோந்தாள், தோளில் மூக்கைத் தேய்த்தாள். நான் இத்தனை நாள் பால் கறந்திருக்கிறேன், வைக்கோல் போட்டிருக்கிறேன், என்னிடம் ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. மெஸ்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. பைக்குள் கையை விட்டார். கயிற்றை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுத்தது ஒரு வாழை இலை. மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். நாலாக மடித்து அவள் வாயருகே நீட்டினார்.

அம்புஜம் இலையை வாங்கித் தின்றாள். பாதி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தாள். தின்று முடித்தாள்.

கழுத்து மேலே வரவில்லை.

‘சரக்.’ இலை கிடந்த இடத்துப் புல். ‘சரக்.’ அதற்குப் பக்கத்துப் புல். ஓரடி எடுத்து வைத்தாள். இன்னோரடி. எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, மேய்ந்தபடியே மற்ற மாடுகளை நோக்கிப் போனாள்.

“நீங்க வர்ற நேரம் பாத்து ரயிலு கூவிச்சிங்க. அதான் நிமிந்து பாத்துக்கினு நின்னுச்சி” என்றாள் அஞ்சலை. “காலையிலேர்ந்து இப்படித்தான் மேயுது. இன்னிக்கி அக்கா வர நேரமாவும்னுட்டு நான் எலையே போடல.”

மெஸ்காரர் வெகுநேரம் நின்று பார்த்தார். “ஆறு வருஷம் என் கொல்லையில இருந்துச்சி” என்றார். “இப்படி நடந்துக்கினே சாப்புடும்னு எனக்குத் தெரியாது.”

அப்புறம் பையிலிருந்து கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினார். “பழைய கயிறு கட்டுத்தறிக் கயிறும்மா, குட்டை. மேயற மாட்டுக்கு நீளக் கயிறுதான் சரி. இத வச்சிக்குங்க.” நான் வாங்கிக்கொள்ளும்போது என் இடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “அது என்னாது?”

சேலைச் செருகலிலிருந்து வாழை இலைத் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவேளை அவள் மேயாவிட்டால், அவர் பார்க்காத நேரத்தில் போடலாம் என்று காலையிலேயே செருகி வைத்திருந்தேன். அஞ்சலை, “கண்டுபுடிச்சிட்டாரு, கண்டுபுடிச்சிட்டாரு!” என்று கை தட்டினாள்.

அவரைப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். தோளில் புதுக் கயிறு. ரயில்வே கேட்டு அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணிக்கொண்டே நின்றேன்.

இடுப்பில் ஏதோ இழுப்பதுபோல இருந்தது. குனிந்து பார்த்தேன். மல்லிகா இலைத் துண்டைப் பிடுங்கிவிட்டாள். ஒரு முனையை வாயில் வைத்து, புதிதாக முளைத்திருந்த இரண்டு பல்லால் மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுவாத இலை. கொதிக்க வைக்காத இலை.

கை தானாக எழுந்தது. எழுந்த கையால் குழந்தையின் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டேன். இலையை அவளிடமே விட்டுவிட்டேன்.